முதியோர் இல்லத்துக்கு அரசுப் பணம்: தலையை எண்ணிக் கொடுப்பதா, தேவையைப் பார்த்துக் கொடுப்பதா?

திருமங்கலம் பக்கம் 25 முதியவர்களை வைத்து அறக்கட்டளை இல்லம் நடத்தும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களுக்கு அரசு பணம் கொடுக்கும் முறையை 2022ல் அடியோடு மாற்றிவிட்டார்கள் என்று அங்கே நர்ஸாக இருக்கும் என் அண்ணன் மகள் சொல்கிறாள். அது என்ன முறை? நமக்கு ஒத்துவருமா? படுக்கையில் விழுந்தவர்களை வைத்துப் பார்க்க எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.”

நானும் நர்ஸ்தான். 2015லிருந்து 2024 கடைசி வரை மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். பழைய முறையிலும் இருந்தேன், புது முறை வந்த பிறகும் இருந்தேன். அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பி வந்து, இப்போது ஒத்தக்கடை பக்கம் ஒரு சின்ன இல்லத்துக்கு வாரம் மூன்று நாள் போய் வருகிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு போன் கால். மேலூரிலிருந்து ஒரு பையன் பேசினான். அவனுடைய அம்மா இடுப்பெலும்பு உடைந்து, பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். இவனுக்குத் திருப்பூரில் வேலை, மனைவியும் அங்கேயே வேலைக்குப் போகிறாள். எங்கள் இல்லத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா அவனிடம் கேட்ட முதல் கேள்வி, “அம்மா நடப்பாங்களா தம்பி? பாத்ரூமுக்குத் தானாப் போயிருவாங்களா?” இரண்டுக்கும் இல்லை என்றான். “அப்ப எடுக்க முடியாதுப்பா, கோவிச்சுக்காத” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அந்த அக்கா வெகுநேரம் யாரிடமும் பேசவில்லை. அவர் இரக்கம் இல்லாதவர் இல்லை. இரவில் எங்களுக்கு இருப்பது இரண்டே ஆயாக்கள். ஏற்கெனவே நாலு பேர் படுக்கையில் இருக்கிறார்கள். ஐந்தாவது ஒருவரைச் சேர்த்தால், அந்த நாலு பேரில் யாரோ ஒருவர் நனைந்த துணியோடு விடியும் வரை கிடப்பார். அது அக்காவுக்குத் தெரியும்.

நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆள் சேர்ப்பீர்கள். மதுரையில் நான் விசாரித்த இல்லங்களில் பெரும்பாலும் இதுதான் வாசல் கேள்வி. ஆஸ்திரேலியாவின் புது முறையிலும் முதல் கேள்வி இதுவேதான்: நடப்பாரா? இங்கே ‘இல்லை’ என்றால் கதவைச் சாத்துகிறோம். அங்கே ‘இல்லை’ என்றால் அவரோடு வரும் அரசுப் பணம் கூடுகிறது. உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வருவது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

பழைய முறை என்ன என்று தெரிந்தால்தான் புதியது எதற்கு வந்தது என்று புரியும். 2008 மார்ச்சில் அங்கே ஒரு நிதிக் கருவி வந்தது. ஏ.சி.எஃப்.ஐ. என்பார்கள். 12 கேள்விகள். அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு உதவி வேண்டும், நடத்தையில் என்ன சிக்கல், மருத்துவப் பராமரிப்பு எவ்வளவு என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் கிடைக்கும் நிலையை வைத்து, அந்த முதியவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது யார்? இல்லத்தின் நர்ஸ்கள். அதாவது நாங்கள். பணம் வாங்குகிறவரே தன் பில்லைத் தானே எழுதிக்கொள்வது போல.

அதனால் என்ன ஆகும் என்று நான் உள்ளே இருந்து பார்த்தேன். புதிதாக ஒருவர் வந்தால் ஏழு நாளைக்கு அவர் எத்தனை முறை கத்தினார், எத்தனை முறை அலைந்தார், எத்தனை முறை கையை ஓங்கினார் என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் தாளில் குறிப்போம். அவரிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதிக் கத்தல் நின்றிருக்கும், ஆனால் பேச நேரம் இருக்காது, தாளை நிரப்ப வேண்டும். பிறகு அரசிடமிருந்து சரிபார்ப்பவர்கள் வருவார்கள், எழுதியது சரியில்லை என்று வகையைக் குறைப்பார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றாலே வார்டில் பரீட்சை நாள் மாதிரி இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கு வாரத்தில் நான்கு நாள், மொத்தம் 80 நிமிடம் மசாஜ் மாதிரியான சிகிச்சை கொடுத்தால் கூடுதல் புள்ளி. எங்கள் வார்டில் கிரேக்கத்திலிருந்து குடியேறிய ஒரு பாட்டி இருந்தார். வாக்கர் பிடித்து மெதுவாக நடப்பார். பிசியோதெரபிஸ்ட் வரும்போதெல்லாம் “என்னைத் தோட்டம் வரை கூட்டிப் போ” என்று கேட்பார். பிசியோதெரபிஸ்டுக்கும் ஆசைதான், ஆனால் அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும், அன்றைக்கு இத்தனை பேருக்குத் தேய்த்துவிட வேண்டும் என்று. தேய்ப்பதற்குப் பணம் உண்டு, நடக்க வைப்பதற்குத் தனியாகப் பணம் கிடையாது. பாட்டி ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால் மடங்கிப் போனார். ஒரு நிதிப் படிவம் ஒரு மனுஷியின் காலை முடக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்த மாதிரிக் குறைகளோடு, இல்லங்களில் புறக்கணிப்பும் அடி உதையும் நடப்பதாகப் புகார்கள் குவிந்து, 2018 அக்டோபரில் அங்கே ராயல் கமிஷன், அதாவது அரசின் உயர்மட்ட விசாரணை ஆணையம், அமைத்தார்கள். 2019ல் வந்த அதன் இடைக்கால அறிக்கையின் தலைப்பே ‘புறக்கணிப்பு’ என்பதுதான். 2021 மார்ச் 1 அன்று இறுதி அறிக்கை வெளிவந்தது, 148 பரிந்துரைகளோடு. அதற்கு முன்பே வுல்லங்காங் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவினர் புது முறைக்கான வேலையில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இது: 30 இல்லங்களில் ஊழியர்கள் கையில் பார்கோடு ஸ்கேனர் கொடுத்து, எந்த முதியவரிடம் எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று அளந்தார்கள். யாருக்கு என்ன வியாதி என்பதை வைத்துப் பணத்தை முடிவு செய்யவில்லை. யாருக்கு எவ்வளவு கை உழைப்பு போகிறது என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்தபோது செலவைத் தீர்மானிப்பதில் நடமாட்டம்தான் முன்னால் நின்றது. சர்க்கரையும் பிரஷரும் பின்னால்தான்.

இரவு ஷிஃப்ட் பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிக்கு ஊசி போட இரண்டு நிமிடம். தானாக அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எங்கள் ஒத்தக்கடை இல்லத்தில் ஒரு அப்பத்தா இருக்கிறார். அவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடித்து உருட்ட, இன்னொருவர் விரிப்பை உருவி, நனைந்திருந்தால் துடைத்து, பவுடர் போட்டு, டயபர் மாற்றி, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே மடித்த பழைய சேலையை வைத்து, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் தூக்கி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் தோல் உரிந்துவிடும், காகிதம் மாதிரித் தோல். நிதானமாகச் செய்தால் பத்து நிமிடம். இரவு பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு. ஒரு தரம் விட்டுப்போனால் மறுநாள் இடுப்பெலும்பு மேல் சிவப்பாக ஒரு வட்டம். அதையும் கவனிக்காவிட்டால் ஒரு வாரத்தில் குழி. அந்தப் புண்ணை ஆற்ற ஆகும் செலவு, ஒரு ஆயாவின் பல மாதச் சம்பளத்துக்கு மேல்.

சரி, புது முறைக்கு வருகிறேன். பெயர் ஆஸ்திரேலிய தேசிய முதியோர் பராமரிப்பு வகைப்பாடு, சுருக்கமாக ஏ.என்.-ஏ.சி.சி. 2022 அக்டோபர் 1 அன்று அமலுக்கு வந்தது. நிரந்தரமாகத் தங்குகிறவர்களை 13 வகையாகப் பிரிக்கிறது. கடைசிக் காலப் பராமரிப்புக்காகவே சேர்கிறவர்கள் முதல் வகை. மற்றவர்கள் மூன்று பெரிய கூட்டம்: தானாக நடப்பவர்கள், பிடித்தால் நடப்பவர்கள், நடக்கவே முடியாதவர்கள். பிடித்து நடப்பவர்களை அவர்களுடைய நினைவுத் திறனை வைத்து இன்னும் பிரிப்பார்கள். நடக்க முடியாதவர்களை, வேறு வேலைகளில் எவ்வளவு முடியும், படுக்கைப்புண் வரும் அபாயம் எவ்வளவு என்று பார்த்துப் பிரிப்பார்கள். இதற்கு மேலும் வேலைப்பளுவைக் கூட்டும் வேறு காரணங்கள் இருந்தால் அதற்கு இன்னொரு படி. அவ்வளவுதான், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

பணம் மூன்று துண்டாக வருகிறது. ஒன்று நிலையான பங்கு. ஆள் யாராக இருந்தாலும் ஒரு இல்லத்தை நடத்தக் குறைந்தபட்சம் ஆகிற செலவுக்கு. இரவில் ஒரு நர்ஸ் முழித்திருக்கத்தான் வேண்டும், பத்துப் பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும். தூரத்து ஊர்களில் உள்ள இல்லங்களுக்கும், பழங்குடி முதியவர்களுக்கான இல்லங்களுக்கும், வீடில்லாமல் தெருவில் இருந்தவர்களைப் பார்க்கும் இல்லங்களுக்கும் இந்தப் பங்கு அதிகம். இரண்டாவது, அந்த 13 வகையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும் பங்கு. மூன்றாவது, புதிதாக ஒருவர் வந்து சேரும்போது ஒரே ஒரு முறை கொடுக்கும் தொகை. புது ஆள் வந்த முதல் சில வாரங்கள் எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும்: தூங்க மாட்டார், சாப்பிட மாட்டார், வீட்டுக்குக் கூட்டிப் போ என்பார். அப்படிப் பாடுபடுவதற்கும் காசு வேண்டும் என்று ஒரு அரசு ஒத்துக்கொண்டதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொடங்கிய அன்று ஒரு அலகுக்கு 216.80 டாலர் என்று விலை வைத்தார்கள். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 11,000 ரூபாய்க்கு மேல், ஒரு நாளைக்கு. இது எல்லாருக்கும் அப்படியே கிடைக்கும் தொகை இல்லை. இதை அளவுகோலாக வைத்து ஒவ்வொரு வகைக்கும் பங்கு கணக்கிடுவார்கள். பிறகு ஊழியர்களுக்குச் சம்பளம் 15 சதவீதம் உயர்ந்தபோது, 2023 ஜூலையில் இந்த விலையையும் 243.10 டாலருக்கு உயர்த்தினார்கள். சம்பளத்தைக் கூட்டு என்று உத்தரவு போட்டுவிட்டு, பணத்துக்கு இல்லங்களைத் தெருவில் விடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதில் சாப்பாடு, தங்கும் அறை, சலவை சேராது என்பதைக் கவனியுங்கள். சாப்பாடு, சலவை மாதிரி அன்றாடச் செலவுக்கு முதியவர் தன் ஓய்வூதியத்திலிருந்து தருகிறார், தனி நபர் அடிப்படை ஓய்வூதியத்தில் 85 சதவீதம் என்று கணக்கு. அறைக்குத் தனி. வசதி உள்ளவர்கள் மேலும் கொடுக்க வேண்டியிருக்கும், இல்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும். பராமரிப்புப் பணம் என்றால் ஆளுக்கான பணம், கைக்கான பணம். இதை மனதில் வையுங்கள், நம் ஊர்க் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

அப்புறம், மதிப்பீடு செய்வது யார்? இங்கேதான் பழைய முறையின் ஓட்டையை அடைத்தார்கள். இல்லத்துக்குச் சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். நர்ஸாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ தொழில்வழிச் சிகிச்சையாளராகவோ இருந்து அனுபவப்பட்டவர்கள். வந்து முதியவரைப் பார்ப்பார்கள், எழுந்து நிற்கச் சொல்வார்கள், எங்களிடம் பேசுவார்கள், போய்விடுவார்கள். வகையை நாங்கள் முடிவு செய்ய முடியாது. முறை தொடங்குவதற்கு முன்பே, 2021லிருந்து, ஏற்கெனவே தங்கியிருந்தவர்களை எல்லாம் ஒத்திகை மாதிரி மதிப்பிட்டு வைத்துவிட்டார்கள். அதனால் அக்டோபர் 1 காலையில் யாருக்கும் பணம் நிற்கவில்லை. புதிதாகச் சேர்கிறவருக்கு மதிப்பீடு முடியும் வரை ஒரு தற்காலிக வகையில் பணம் வரும். முடிந்த பிறகு சேர்ந்த நாளிலிருந்தே கணக்கை நேர் செய்துவிடுவார்கள்.

நிலைமை மோசமானால், உதாரணமாக ஆஸ்பத்திரியில் 5 நாளோ அதற்கு மேலோ இருந்துவிட்டு வந்தால், மறுமதிப்பீடு கேட்கலாம். நிலைமை தேறினால்? கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை, பணம் குறையாது. இது ஏதோ சலுகை மாதிரித் தெரியும். யோசித்துப் பாருங்கள். படுக்கையில் இருந்தவரை மூன்று மாதம் பாடுபட்டு நடக்க வைத்தால் பணம் குறையும் என்றால், எந்த இல்லமாவது நடக்க வைக்குமா? அந்தக் கிரேக்கப் பாட்டிக்கு நடந்தது இனி நடக்கக்கூடாது என்பதற்காகவே வைத்த விதி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

குறை இல்லையா? இருக்கிறது, மறைக்க மாட்டேன். பணத்தோடு சேர்த்து நிமிடக் கணக்கும் வைத்தார்கள். சராசரியாக ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்கு 200 நிமிடப் பராமரிப்பு, அதில் 40 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸ். 2023 அக்டோபரில் இது கட்டாயமானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் 215 ஆகவும் 44 ஆகவும் ஏற்றினார்கள். 2023 ஜூலை முதல் 24 மணி நேரமும் ஒரு பதிவுபெற்ற நர்ஸ் இல்லத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நல்லதுதான். ஆனால் அந்த நிமிடக் கணக்கில் நர்ஸும் பராமரிப்பு உதவியாளரும்தான் சேர்வார்கள். பிசியோதெரபிஸ்டின் நேரம் சேராது. விளைவு, பல இல்லங்களில் பிசியோதெரபிஸ்டின் மணி நேரத்தைக் குறைத்தார்கள். நடக்க வைத்தால் பணம் குறையாது என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, நடக்க வைக்கிற ஆளையே இன்னொரு கையால் வெளியே அனுப்பின மாதிரி ஆகிவிட்டது. எண்ணுவதைத்தான் இல்லங்கள் செய்யும். எண்ணாததை விட்டுவிடும். நம் ஊரில் யாராவது இதைக் கொண்டுவந்தால் முதலில் இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். கிராமப்புற இல்லங்களுக்கு இரவு நர்ஸ் கிடைப்பதே பெரும்பாடு என்பதும் அங்கே தீராத பிரச்சினை.

இப்போது நம் ஊர். இங்கே முதியோர் இல்லத்துக்கு அரசுப் பணமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, நீங்களே அறிவீர்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த முதியோர் திட்டம் 1992லிருந்து நடக்கிறது. இப்போது அடல் வயோ அபியுதய் யோஜனா என்ற குடையின் கீழ் வருகிறது. தொண்டு நிறுவனங்கள் இ-அனுதான் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, 25 முதியவர்கள் இல்லம், 50 மூதாட்டிகள் இல்லம் என்ற கணக்கில் மானியம் வாங்கலாம். கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் குறைந்தது 20 பேர் கொண்ட தனி இல்லம் என்ற வகையும் அதில் உண்டு.

அப்படியென்றால் படுத்த படுக்கையானவருக்கும் வழி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் இங்கே வகைப்பாடு கட்டடத்துக்கு, ஆளுக்கு இல்லை. உங்கள் 25 பேர் இல்லத்தில் நடந்து வந்து சேர்ந்த ஒரு தாத்தா, ஆடியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, ஆவணியில் படுக்கையோடு ஆகிவிட்டார் என்று வையுங்கள். உங்களுக்கு வரும் மானியத்தில் அதனால் ஒரு ரூபாய் கூடாது. அவருக்கு ஆகும் வேலையோ நாலு மடங்கு. அந்தத் தாத்தாவை வேறு இல்லத்துக்கு மாற்றலாம் என்றால், அந்த வகை இல்லம் பக்கத்தில் இருக்க வேண்டும், அங்கே இடம் இருக்க வேண்டும், பழகின முகங்களை விட்டுப் போக அவருக்கு மனசு இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைந்து நான் பார்த்ததில்லை.

2007ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19வது பிரிவு, மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது அமைத்து ஆதரவற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேருக்கு இடம் கொடுக்கலாம் என்று மாநில அரசைச் சொல்கிறது. ‘கொடுக்கலாம்’ என்பதுதான் அதில் உள்ள சொல், ‘கொடுக்க வேண்டும்’ இல்லை. இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்று 2019ல் மக்களவைக்கு வந்த திருத்த மசோதாவும் நிறைவேறாமலே காலாவதியானது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 40 ரூபாய். 70 வயது நிரம்பிய எல்லாருக்கும் 5 லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று 2024ல் மத்திய அரசு கொண்டுவந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு யார் திருப்பிப் படுக்க வைப்பது என்பதற்கு இதில் எதிலும் பதில் இல்லை.

இந்த இடத்தைத்தான் நம் ஊர் நன்கொடையாளர்கள் நிரப்புகிறார்கள், அல்லது நிரப்புவதாக நினைக்கிறார்கள். மதுரைக்காரர்களுக்குச் சோறு போடுவதில் குறை வைக்கத் தெரியாது. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இல்லத்தில் வடை பாயசம்தான். சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒரே நாளில் மூன்று குடும்பங்கள் மதியச் சாப்பாட்டுக்குத் தேதி கேட்டார்கள். சாப்பாட்டை அவர்கள் கையாலேயே பரிமாறுவார்கள், கண் நிறைந்து போவார்கள். அந்த அப்பத்தாவின் அறைக்கு மட்டும் யாரும் வருவதில்லை. அவருக்கு அந்த வடையை விழுங்க முடியாது. அவருக்கு வேண்டியது ராத்திரி இரண்டு மணிக்கு இன்னொரு ஜோடிக் கை. போன தை மாதம் வரை அதற்கு நன்கொடை கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் அப்படிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

நமக்கு ஒத்துவருமா என்றால், அவர்களுடைய தொகை ஒத்துவராது. வரிப் பணத்தின் அளவே வேறு. 13 வகையும் வேண்டாம். கட்டமைப்பு ஒத்துவரும் என்று உறுதியாக நம்புகிறேன். நடப்பவர், பிடித்தால் நடப்பவர், நடக்காதவர் என்று மூன்றே வகை போதும். மறதி நோய் இருந்தால் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். இல்லத்துக்கு ஒரு நிலையான தொகை, அதில் இரவு ஊழியர் சம்பளம் கட்டாயம் அடங்க வேண்டும். அதற்கு மேல் வகையைப் பொறுத்து ஆளுக்கு இவ்வளவு. நடந்து வந்து படுக்கையில் விழுந்தால் தொகை கூட வேண்டும், தேறி எழுந்து நடந்தால் குறைக்கக் கூடாது.

மதிப்பீட்டாளருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும், தீராத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் நோய்த்தணிப்பு நர்ஸும் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்ப்பது அவர்களுடைய அன்றாட வேலை. ஒருவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்து வகை குறிக்க அவர்களைவிடத் தகுதியானவர் யார்? இல்லத்துக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. வேலையைக் கூட்டுகிறோம் என்றால் ஆளையும் கூட்ட வேண்டும், அதையும் சேர்த்தே கேட்கிறேன். மெல்பர்னில் நடந்த தப்பு இங்கே நடக்காமல் இருக்க, அந்த பிசியோதெரபிஸ்ட் வகை குறித்துவிட்டுப் போவதோடு நிற்காமல், மாதம் இரண்டு தரமாவது வந்து நடக்க வைக்கும் வேலைக்கும் கணக்கில் இடம் வேண்டும்.

ஏமாற்றுவார்களே என்ற பயம் நியாயமானது. நடக்கிறவரைப் படுக்க வைத்துக் காட்டுவார்கள் என்று சமூக நலத்துறையில் இருந்த ஒருவர் என்னிடம் சொன்னார். தலைக்கணக்கில் மட்டும் ஏமாற்று இல்லையா? ஆள் இல்லாமலே பேர் எழுதலாமே. வெளியாள் நேரில் வந்து ஒரு ஆளைத் தொட்டுப் பார்த்து எழுதும் முறையில் ஏமாற்ற இடம் குறைவு என்பதுதான் என் அனுபவம்.

அரசு வரும் வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, நாங்கள் தை மாதத்தில் செய்து பார்த்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு வாரம், இரவும் பகலும், யாரிடம் எதற்காகப் போனாலும் பேர், வேலை, நிமிடம் என்று ஆயாக்களே குறித்தார்கள். எழுதத் தெரியாத ஒரு ஆயாவுக்குப் படம் வரைந்து கொடுத்தோம்: டம்ளர், வாளி, கட்டில். அந்த நோட்டைப் பார்த்த பிறகு எங்கள் அறங்காவலர்கள் கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள், சாப்பாட்டுக் கணக்கு ஒன்று, ஆள் கணக்கு ஒன்று. அடுத்து, சாப்பாட்டுக்குத் தேதி கேட்டு வருகிறவரிடம், “சாப்பாடு அன்னைக்கு ஏற்கெனவே ஆயிருச்சுங்க, அப்பா பேர்ல ஒரு ராத்திரி வேலைச் சம்பளம் கொடுக்குறீங்களா?” என்று கேட்க ஆரம்பித்தோம். முதலில் முழித்தார்கள். ஒருவரை அந்த அப்பத்தாவின் அறைக்குக் கூட்டிப் போய், திருப்பிப் படுக்க வைப்பதைக் காட்டினேன், அப்பத்தாவிடம் கேட்டுக்கொண்டுதான். அவர் பத்து ராத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது வாரத்தில் நாலு இரவு எங்களுக்கு மூன்றாவது ஆயா இருக்கிறார். மீதி மூன்று இரவுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

அந்த நோட்டின் நகலை மானிய விண்ணப்பத்தோடும், கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுவோடும் இணைத்துக் கொடுக்கப்போகிறோம். ஒரு இல்லம் கொடுத்தால் ஒரு மூலையில் கிடக்கும். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று பத்து இல்லங்கள் ஒரே மாதிரி நோட்டு வைத்துக் கொடுத்தால் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள். நீங்களும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நோட்டில் கோடு போடும் முறை, படங்கள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நான் ஒத்தக்கடையில்தான் இருப்பேன். வரும்போது உங்கள் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் ஆயாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், எங்கள் ஆயாக்களோடு அவர் உட்கார்ந்து பேச வேண்டும்.

மேலூர்ப் பையனின் நம்பரை அந்த அக்கா தனியாக எழுதி வைத்திருக்கிறார். ஏழு இரவுக்கும் மூன்றாவது ஆயா அமைந்ததும் முதல் போன் அவனுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்.